வாரக்கணக்கு என்று சொல்லிவிட்டேன்

வணக்கம். டியூட்டி முடிந்து வந்த கையோடு கேமராவைப் போட்டிருக்கிறேன். கண் சிவந்திருந்தால் தூக்கமில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாதி உண்மைதான்.

நான் பாலியேட்டிவ் கேர் டாக்டர், அதாவது தீராத நோயில் தவிப்பைக் குறைக்கப் பார்ப்பவன். இதைச் சொன்னதும் பலரும் கேட்பது, "குணமாகாதவர்களிடம் என்ன நம்பிக்கை சொல்வீர்கள்?" நான் எங்கே சொல்கிறேன்? அவர்கள்தான் சொல்கிறார்கள்.

நுரையீரல் புற்றுநோய் முற்றிய பெரியவர் ஒருவர். படுத்தால் மூச்சு முட்டும் என்று மேஜைமேல் தலையணை வைத்து, அதில் குப்புறச் சாய்ந்துதான் கண்ணை மூடுவார். பிழைப்பேனா என்று கேட்கவில்லை. "இன்னைக்கு ராத்திரி கட்டில்ல தூங்க முடியுமா தம்பி?" அவ்வளவுதான்.

மார்ஃபின் என்ற வலுவான வலிமருந்தைக் குறைந்த அளவில் எழுதினேன். மகன் முகம் வெளிறியது: "மார்ஃபினா? அப்போ முடிஞ்சுதா டாக்டர்?" இல்லை. அளவோடு கொடுத்தால் அது உயிரை எடுக்காது, மூச்சுத் திணறும் தவிப்பைத் தணிக்கும். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே எழுதுவோம். அப்புறம் ஒரு சின்னக் கை மின்விசிறி. மூக்கிலும் கன்னத்திலும் காற்று பட்டால், நுரையீரல் அப்படியே இருந்தாலும் திணறல் குறைந்த மாதிரி இருக்கும். மகனையே பிடிக்கச் சொன்னேன். கை மரத்தும் மகன் விசிறியைக் கீழே வைக்கவில்லை. பெரியவர் நான்கு மணி நேரம் தூங்கினார், சாய்வாகத்தான்.

மறுநாள், "எவ்வளவு நாள்?" என்றார். தேதி சொல்ல முடியாது, மாதக்கணக்கு இல்லை, வாரக்கணக்கு என்றேன். அவர் விரல்விட்டு எண்ணினார். "பேத்திக்குப் பரீட்சை முடிய மூணு வாரம். முடிச்சிட்டே வரட்டும்."

ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

2000-இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. சாகும் தறுவாயில் இருந்த 468 நோயாளிகள் இன்னும் எவ்வளவு நாள் இருப்பார்கள் என்று 343 டாக்டர்கள் கணித்தார்கள். சரியாக வந்தது 20 சதவீதம். 63 சதவீதம் உண்மையைவிடக் கூட்டிச் சொன்னவை. நோயாளியோடு பழக்கம் நீள நீள கணிப்பு தவறியது என்பதும் அதிலேயே இருக்கிறது. படித்திருக்கிறேன், மாணவர்களுக்குப் பாடமும் எடுத்திருக்கிறேன். இருந்தும், அவர் முகத்தைப் பார்த்து வாரம் என்றபோது வாயில் வந்தது கணக்கா, என் ஆசையா?

பேத்தி வந்தபோது கட்டிலில் புது விரிப்பு போட்டாகிவிட்டது.

இன்று இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்டார். "வாரமாகவும் இருக்கலாம், நாளாகவும் இருக்கலாம். யாரைப் பார்க்கணும் உங்களுக்கு? இப்பவே போன் போடுவோம்" என்றேன். தம்பியை என்றார். நம்பரை நான்தான் அழுத்தினேன்.