கடலிலும் பாயிலும் உட்காருவது

நேயர்களுக்கு வணக்கம்.

தோக்கியோவிலிருந்து தெற்கே ரயிலில் ஒரு மணி நேரம் போனால் காமகுரா. 1253-இல் எழுந்த கென்சோஜி, 1282-இல் எழுந்த எங்காகுஜி என்று பெரிய ஸென் பௌத்த மடங்கள் இரண்டு அங்கே இருக்கின்றன. எங்காகுஜியின் முன்புறத்தை ரயில் பாதை குறுக்கே வெட்டிப் போகிறது. அதே ஊரின் தென்கோடியில் கடல். சைக்கிளின் பக்கவாட்டில் கொக்கி வைத்து, அதில் அலைமேல் சறுக்கும் சர்ஃபிங் பலகையை மாட்டிக்கொண்டு காலையிலேயே ஆட்கள் வந்துவிடுவார்கள்.

நம் 'தியானம்'தான் சீனத்தில் 'சான்' ஆகி, ஜப்பானில் 'ஸென்' ஆனது. அதைச் சீனத்துக்குக் கொண்டுபோன போதிதருமர் காஞ்சிபுரத்துக்காரர் என்று ஒரு மரபும் உண்டு. பெருமை இருக்கட்டும், உட்காரும் முறைக்கு வருவோம். முதலில் பாயில், பிறகு கடலில் பலகை மேல்.

கெட்டியான தலையணையை மடித்து, அதன் முன்விளிம்பில் உட்காருங்கள். இரண்டு முழங்காலும் தரையில் பட வேண்டும். படவில்லையென்றால் இடுப்பு தாழ்ந்திருக்கிறது என்று பொருள். இன்னொரு போர்வையை மடித்து வையுங்கள். அப்படியே விட்டால் முதுகு கூனி, பத்து நிமிடத்தில் கால் மரத்துவிடும். நாற்காலியும் சரிதான், முதுகைச் சாய்க்காமல் இருந்தால். கண்ணை முழுக்க மூடினால் தூக்கம் வரும், இல்லையென்றால் கனவு ஓடும். அதனால் பாதி திறந்து, ஒரு மீட்டர் தள்ளித் தரையைப் பாருங்கள்.

வலது உள்ளங்கை மேல் இடது கை. கட்டைவிரல் நுனிகள் இரண்டும் பட்டும் படாமலும் தொடட்டும். இந்த விரல்கள்தாம் நமக்குக் காவல்காரர். அசந்தால் அவை தொய்ந்து விழும். உடம்பை முறுக்கிக்கொண்டால் கூரை முகடுபோல் மேலே முட்டும்.

மூச்சை விடும்போது ஒன்று, அடுத்தமுறை விடும்போது இரண்டு. இப்படிப் பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்று. பலருக்கும் திடீரென்று 'பதினேழு' என்று எண்ணிக்கொண்டிருப்பது தெரியும். அதற்காக அலுத்துக்கொள்ள வேண்டாம். தெரிந்ததே பெரிது, ஒன்றுக்குத் திரும்புங்கள். வீட்டில் காலையில், கைபேசியைத் தொடுவதற்கு முன், பத்து நிமிடம் போதும்.

இனி கடல். புதிதாக வருபவருக்கு எட்டடி நீள, மெத்தென்ற நுரைப் பலகை நல்லது. குப்புறப் படுத்தால் பலகையின் மூக்கு தண்ணீருக்கு மேல் நாலு விரற்கடை நிற்க வேண்டும். முன்னால் தள்ளிப் படுத்தால் மூக்கு தண்ணீருக்குள் குத்தி, ஆளைக் கவிழ்க்கும். பின்னால் போனால் பலகை இழுபட்டு, அலை அடியில் நழுவிப் போய்விடும். எழும்போது காலைப் பார்த்தவர் விழுந்தார். பார்வை போகும் திசையில் இருக்கட்டும்.

அலைகள் கூட்டமாக வரும், பிறகு சில நிமிடம் ஓயும். இது தெரியாதவர் கண்ட அலைக்கெல்லாம் கையால் துழாவி, அரை மணியில் தோள் சோர்ந்து கரையேறுவார். பழகியவருக்குக்கூட ஒரு மணி நேரத்தில் பலகை மேல் நிற்பது சில நிமிடங்கள்தாம். மீதியெல்லாம் துழாவலும் காத்திருப்பும். நிம்மதியை அந்தச் சில நிமிடங்களில் மட்டும் தேடி வருபவர் எரிச்சலோடுதான் வீடு திரும்புவார்.

காத்திருக்கும்போது பலகையின் நடுவில் கால் அகட்டி, முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். பாயில் எண்ணியதையே இங்கேயும் எண்ணலாம். ஆனால் கண்ணைத் தாழ்த்தக் கூடாது, பார்வை தொடுவானத்தில் இருக்கட்டும். கடலில் தன்னை மறந்து லயிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பக்கத்து ஆளின் பலகை வந்து மண்டையில் அடிக்கும். நீரோட்டம் உள்ளே இழுத்தால் எதிர்த்துப் போராடாமல், பலகையை விடாமல், கரைக்கு இணையாக நகருங்கள். இழுப்பு விட்ட இடத்தில் திரும்பலாம்.

விழுந்தால் தட்டையாக விழுங்கள், கைகளால் தலையை மூடிக்கொள்ளுங்கள். அடியில் மூச்சை அடக்கி, அவசரப்படாமல் எண்ணுங்கள். சிறு அலையென்றால் பத்து எண்ணுவதற்குள் மேலே வந்துவிடலாம்.

கடல் பக்கத்தில் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். எங்காகுஜியில் உட்கார்ந்திருப்பவருக்கும் தண்டவாளம் பக்கத்தில்தான். ரயில் தடதடத்துப் போகும்போது எண்ணிக்கை மூன்றில் இருந்தால், அடுத்தது நான்கு.