வளவில் தொடங்கி றங்குப்பெட்டியில் முடிப்போம்

(சனசமூக நிலையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, தாய்மாரே, ஐயாமாரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மார்கழி பிறந்துவிட்டது. தைப்பொங்கலுக்கு இன்னும் நாலு கிழமை. வீடு ஒதுக்க இது தாராளமாகப் போதும். பொங்கலுக்கு முதல் நாள் மட்டும் என்றால் போதவே போதாது. ஆனால் எங்கள் வீடுகளில் அந்த முதல் நாளில்தான் அலுமாரி, பரண், கட்டிலுக்குக் கீழ் கிடந்தது எல்லாம் விறாந்தைக்கு வருகின்றன. பின்னேரம் மழை இருட்டும், சந்தைக்குப் போகவேண்டும், பலகாரம் சுடவேண்டும். குவித்த சாமான் உரப்பைக்குள் ஏறித் திரும்பவும் பரணுக்கே போகும். வீட்டுக்கார அம்மாவின் முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

தூக்கி வைக்க ஒருவர் போதும். வேணுமா வேண்டாமா என்று சொல்ல, அந்தப் பொருளுக்கு உரியவர் பக்கத்தில் இருக்கவேண்டும். அதனால்தான் இதைக் குடும்பமாகச் செய்யுங்கள் என்று கேட்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம், ஒரேயொரு இடம். எடுத்ததை முடிக்காமல் அடுத்த லாச்சியைத் திறக்க வேண்டாம்.

முதற் கிழமை வளவுக்கு. காரணம் டெங்கு. மாரி மழையோடு யாழ்ப்பாணத்தில் அது கூடுகிறது. சிரட்டை, கோம்பை, பழைய ரயர், உடைந்த வாளி, யோகட் கப், பூச்சாடித் தட்டு, சருகு அடைத்த பீலி எல்லாவற்றையும் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத் தட்டை மறக்கவேண்டாம். தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் சரி என்று நினைப்பதுதான் பெரிய பிழை. நுளம்பின் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கிடக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. திரும்பத் தண்ணீர் தேங்கியதும் பொரித்து, ஏழு முதல் பத்து நாளில் நுளம்பாகப் பறக்கும். ஆகவே தும்பால் உரஞ்சிக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். கிழமைக்கு ஒருதரம் இதைப் பார்க்கிற பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். சின்னக் கண்ணுக்குத்தான் சிரட்டைக்குள் நெளிகிற புழு முதலில் தெரியும்.

சேர்ந்த கஞ்சலைக் கொளுத்தவேண்டாம். பிளாஸ்ரிக் எரிகிற புகை நஞ்சு, 2017 முதல் அது சட்டப்படியும் தடை. பாழ்கிணற்றில் கொட்டுவது அதைவிட மோசம். எங்களுடையது சுண்ணாம்புக்கல் நிலம். வெடிப்பும் துவாரமுமாக இருப்பதால் மேலே போட்ட பற்றரியின் கசிவும் பூச்சிமருந்துப் போத்தலின் மிச்சமும் வடிகட்டாமலே குடிதண்ணீரைச் சேரும். பற்றரி, மின்குமிழ், மருந்துப் போத்தல்களை வேறு பெட்டியில் சேர்த்து, எங்கே கொடுப்பது என்று பிரதேச சபையிடமோ மாநகர சபையிடமோ கேளுங்கள்.

குசினியும் உடுப்பும் இரண்டாம் கிழமை. திகதி முடிந்த மருந்தும், மூடி தொலைந்த பிளாஸ்ரிக் டப்பாவும் யோசிக்காமல் கழியட்டும். உடுப்பை வெயில் எறிக்கிற நாளில் மட்டும் எடுங்கள். ஈரக்காற்றில் பிரித்து அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். கொடுக்கிற உடுப்பு அன்றைக்கே படலை தாண்டவேண்டும், இல்லாவிட்டால் இரவோடு திரும்பி வந்துவிடும். பூச்சி உருண்டை போட்டு வைத்த குழந்தை உடுப்பைத் தோய்த்து, நன்றாக வெயிலில் காயவைத்த பிறகே கொடுங்கள். அந்த மணம் சில கைக்குழந்தைகளின் இரத்தத்தைப் பாதிக்கும்.

“பிறகு பாப்பம்” என்கிற சாமானுக்கு ஒரு பெட்டி, ஒன்றே ஒன்று. வெளியில் திகதி எழுதுங்கள்.

அம்மம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அவவின் மூடல்பெட்டியைக் கழிக்கவேண்டாம். 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்தால், கையில் அகப்பட்டதோடு வலிகாமத்தை விட்டு நடந்த தலைமுறை அது. ஒரு வெறும் போத்தலையும் எறிய மனம் வராததில் ஒரு நியாயம் இருக்கிறது. “எறியட்டோ அம்மம்மா?” என்று கேட்டால் “வேண்டாம்” என்றுதான் சொல்லுவா. “நல்லதாப் பத்துப் போத்தல் எடுத்துத் தாங்கோ” என்று கேட்டுப் பாருங்கள். பத்தைத் தெரிந்தெடுத்தபின், மற்ற நாற்பதை விட அவவே சம்மதிப்பா. வெளிநாட்டில் இருக்கிற தம்பியின் பெட்டியைத் தொலைபேசியில் முகம் பார்த்துத் திறவுங்கள்.

கடதாசி கடைசியில்தான், இரண்டு கிழமை ஒதுக்கிச் செய்யவேண்டிய வேலை. காணி உறுதி பழையது, புதியது வந்துவிட்டது என்று எறியவே கூடாது. காணி யாருக்குச் சொந்தம் என்று உரித்துப் பார்க்கிறபோது முன்னைய உறுதிகளைத் தொட்டுத்தான் வரவேண்டும், சீதன உறுதியும் அதில் சேரும். உறுதிக்கு லமினேற் அடிக்கவேண்டாம். சூடும் பசையும் தாளைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் ஏலாது. கிழிசலுக்குச் செலோரேப்பும் வேண்டாம், மஞ்சளாகி மையைத் தின்னும். நிழலில் காற்றாட விட்டு, ஈர்க்கு முனையால் மடிப்பைத் தட்டி, தோய்த்துக் காயவைத்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் உள்ளிருக்கும் ஈரம் வேர்த்துப் பூஞ்சணம் வரும்.

படம் சட்டக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் இழுக்கவேண்டாம், முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். அப்படியே வைத்து, வெளிச்சம் சரிவாக விழ, தொலைபேசியில் படமெடுங்கள். அல்பத்தில் ஒட்டியதை, கீழே மெல்லிய நூலை விட்டு அறுப்பதுபோல் இழுத்துக் கழற்றலாம். பின்பக்கம் பென்சிலால் பெயர் எழுதுங்கள். அந்தப் பெயரைச் சொல்லக்கூடியவர் இன்றைக்கு உங்கள் வீட்டுச் சாய்மனைக் கதிரையில் இருக்கிறார், பக்கத்தில் பேரப்பிள்ளையை இருத்துங்கள்.

ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த கல்வெட்டு என்கிற நினைவு மலர், பாடசாலை மலர், பழைய சஞ்சிகை கிடைத்தால் பழைய பேப்பர்காரரிடம் நிறுக்க முன்பு நூலக நிறுவனத்தைக் கேளுங்கள். 2005 முதல் அவர்கள் இப்படியானவற்றை மின்வருடி இணையத்தில் வைத்து வருகிறார்கள். ஒரு ஊரின் வம்சாவளி பல இடங்களில் கல்வெட்டில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

உறுதியும் படமும் எல்லாம் தகர றங்குப்பெட்டிக்குள் சேர்ந்தபின் அதைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நாலு மூலைக்கும் நாலு கல் வைத்து ஏற்றுங்கள். கறையான் மண் இழுத்து வந்தால் கல்லில் வைத்தே கண்டுபிடிக்கலாம். கடதாசி மட்டைப் பெட்டியை நிலத்தில் வைத்தால், அடி தின்று முடிந்த பிறகுதான் தெரியவரும்.