கொல்லைக்கு ஏற்ற விதை

நேயர்களுக்கு வணக்கம். ஆடி பிறக்கப் போகிறது. ஆடிப்பட்டம் தேடி விதை என்று எல்லோரும் சொல்கிறோம். நம் டெல்டாவில் அதோடு ஐப்பசி அடைமழையையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆடி முதல் வாரத்தில் கத்தரி, மிளகாய் விதையை நாற்றங்காலில் தூவி, ஆவணியில் பிடுங்கி நட்டால், மழைக்குள் செடி வேர் ஊன்றித் திடமாகிவிடும். புரட்டாசிக் கடைசியில் நட்ட இளங்கன்று தேங்கிய தண்ணீரில் அழுகிப்போகும். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துக் களிமண் கொல்லையாக இருந்தால் தரையோடு நடாதீர்கள். மணலும் மக்கிய எருவும் கலந்து, முக்கால் அடி உயரத்துக்குப் பாத்தி எடுத்து அதன் மேல் நடுங்கள்.

வெண்டை, கொத்தவரை, புடலை, பீர்க்கு, பாகல் இவற்றுக்கு நாற்று வேண்டாம், நேரே குழியில் ஊன்றலாம். பாகல், புடலை விதைக்கு மட்டும் தோல் கெட்டி. ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துப் போடுங்கள்.

அவரையைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். ஆடியில் போட்ட பந்தல் அவரை புரட்டாசி வரை கொடி கொடியாக ஓடும், பூ மட்டும் வராது. மலட்டுக்கொடி என்று வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு. பார்க்கவே வயிறு எரியும். நம் நாட்டு அவரைக்குப் பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கத் தோன்றும். கார்த்திகை, மார்கழி வரை பொறுத்திருந்தால் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். எந்த மாதத்திலும் காய் வேண்டும் என்பவர்கள் செடி அவரை போடலாம்.

கடையில் எஃப்-1 என்று போட்ட பாக்கெட், அதாவது இரண்டு ரகத்தைச் சேர்த்து உண்டாக்கிய ஒட்டு விதை, வாங்கினால் காய் நன்றாகவே வரும். ஆனால் அந்தக் காயின் விதையை மறுபடி போட்டால் ஒரு செடி போல இன்னொரு செடி இருக்காது. வீட்டுக் கொல்லைக்கு, விதை எடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய ரகம்தான் நல்லது என்பேன்.

அந்த விதையை எப்படி எடுப்பது? பெரும்பாலும் பறித்தது போக, ஓய்ந்துபோன செடியில் கடைசியாகத் தொங்குகிற காயைத்தான் விதைக்கு விடுகிறோம். அது சரியில்லை. இரண்டாவது, மூன்றாவது பறிப்பின்போதே பூச்சி அண்டாமல், நிறையக் காய்த்து நிற்கிற செடியைப் பார்த்து ஒரு கலர் நூல் கட்டிவிடுங்கள். அதில் இரண்டு, மூன்று நல்ல காய்களை யாரும் பறிக்கக் கூடாது. கத்தரி மஞ்சளாகப் பழுக்கட்டும். வெண்டை செடியிலேயே காய்ந்து வெடிக்கத் தொடங்கட்டும். பீர்க்கு காய்ந்தபின் ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் கேட்கும், அதுதான் பக்குவம்.

தக்காளி விதையைச் சுற்றி வழவழப்பு இருக்கும். நன்றாகப் பழுத்த பழத்தைக் கிண்ணத்தில் பிழிந்து ஓரிரு நாள் அப்படியே விடுங்கள். லேசாகப் புளித்து நுரை கட்டும். அப்புறம் தண்ணீர் ஊற்றி அலசினால் சதையும் பொக்கு விதையும் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். நிழலில் காயவையுங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும், தட்டுதான் வசதி.

பரங்கியில் தேனீ ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோய்விடும். பக்கத்து வீட்டில் வேறு ரகம் இருந்தால், மறுநாள் மலரப்போகிற ஆண் பூ, பெண் பூ இரண்டையும் முதல்நாள் சாயங்காலமே நூலால் கட்டிவையுங்கள். அடியில் குட்டிக் காய் இருப்பது பெண் பூ. காலையில் பிரித்து, ஆண் பூவை அதன்மேல் தடவி, மறுபடி கட்டிவிட வேண்டும்.

காய்ந்த பரங்கி விதையை வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்துகொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நம் பக்கத்து மழைக்கால ஈரக்காற்றுதான் விதைக்கு எமன். அதனால் சலித்த உலர்ந்த சாம்பலோடு கலந்து, கண்ணாடி பாட்டிலில் இறுக மூடி, ரகத்தின் பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். விதைப்பதற்கு ஒரு வாரம் முன்னால் 10 விதையை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். 7, 8 முளைத்தால் தாராளமாகப் போடலாம். 4, 5 தான் முளைக்கிறது என்றால் குழிக்கு இரண்டு விதை கூடுதலாக ஊன்றுங்கள். வணக்கம்.