ஏழோடு ஒன்று: பாரி ஹாரிஸின் பாடம்

நேயர்களுக்கு வணக்கம். ஜாஸ் பியானோ ஆசிரியர் பாரி ஹாரிஸ் 1929இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். அம்மா கிறிஸ்தவ சபையில் பியானோ வாசித்தவர். மகனுக்கு நாலு வயதிலேயே முதல் பாடம் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். சபை இசையா, ஜாஸா என்று பிறகு கேட்டார். மகன் ஜாஸ் என்றார், அம்மா தடுக்கவில்லை. ஆனால் சபை இசை ஹாரிஸின் விரலை விட்டுப் போகவே இல்லை என்பேன்.

சபையில் ஜனங்கள் மெதுவாக இழுத்துப் பாடும்போது, வாசிப்பவர் ஒரே கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்தை, பிடித்துக்கொண்டிருந்தால் பாட்டு தூங்கிவிடும். ஒரு கார்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே கை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த நகர்வைத்தான் ஹாரிஸ் பாடமாக்கினார்.

மனசுக்குள் பாடிப் பாருங்கள்: ஸ ரி க ம ப த நி, சங்கராபரணம். ப-வுக்கும் த-வுக்கும் நடுவே சின்ன த ஒன்றைச் சேருங்கள். பியானோவில் சி (C) கட்டையில் ஸ வைத்தால், இது மட்டும் கறுப்புக் கட்டை. மொத்தம் எட்டு ஸ்வரம். ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் ஸ, க, ப, பெரிய த: நிம்மதியாக உட்காரும் கார்டு, இதை வீடு என்போம். மிச்சம் ரி, ம, சின்ன த, நி: இருப்புக்கொள்ளாத டிமினிஷ்ட் கார்டு, இது வாசல். முதல் கார்டைப் பிடித்து, நாலு விரலையும் இந்த எட்டு ஸ்வர வரிசையில் ஒவ்வொரு ஸ்வரம் மேலே நகர்த்துங்கள். வீடு, வாசல், வீடு, வாசல் என்று மாறி மாறி வரும். திரும்பவும் சொல்கிறேன், நாலு விரலும் சேர்ந்து நகர வேண்டும். பலர் பழக்கதோஷத்தில் சின்ன த-வைத் தாண்டிவிடுவார்கள்; அங்கேதான் வரிசை உடையும்.

எட்டாவது ஸ்வரம் எதற்கு? தாளத்தில் நாலு தட்டு, தட்டுக்கு இரண்டு ஸ்வரம் என்று மேல் ஸ-விலிருந்து இறங்குங்கள். ஏழு ஸ்வரத்தில் கீழ் ஸ நாலாவது தட்டின் பின்பாதியில் வந்துவிடும். ஒரு பாதி முந்திவிட்டது. சின்ன த சேர்ந்தால் அதே ஸ அடுத்த ஆவர்த்தத்தின் முதல் தட்டில் கச்சிதமாக இறங்கும். தட்டு ஒவ்வொன்றிலும் ஸ, த, ப, க, வீட்டு ஸ்வரங்களே விழும். ஆனால் தட்டின்மேல் ரி-யில் தொடங்கினால் இதே சின்ன த எதிரி. தட்டெல்லாம் வாசலில் விழும். எங்கே தொடங்குகிறோம் என்று பார்க்காமல் சேர்ப்பதால் வரும் கோளாறு இது.

நேரம் நெருங்கிவிட்டது. நியூயார்க்கில் 1982 முதல் 1987 வரை அவர் நடத்திய ஜாஸ் கல்சுரல் தியேட்டர் என்ற இசைக்கூடம் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். பியானோக்காரர்கள், பாடகர்கள், ஊதுபவர்கள் எல்லோருக்கும் அவர் வகுப்பில் இடம் இருந்தது. 2021இல் மறையும்வரை சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியாக ஒன்று. சின்ன க வரும் மைனர் வகைப் பாட்டுக்கு அந்த எட்டு ஸ்வரத்தில் ஒரே மாற்றம்தான்: க-வைச் சின்ன க ஆக்குங்கள். மற்ற ஏழும் அப்படியே இருக்கட்டும். வணக்கம்.