சோப்பு, சுடுதண்ணி, ஒரு மாட்டு டொக்டர்

[காட்சி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் ஒன்றின் பின்புறம். தகரக் கூரை போட்ட மாட்டுக்கொட்டில். மழை விட்டும் கூரை சொட்டுகிறது.]

வணக்கம். நான் நிற்பது எங்கள் தாத்தாவின் மாட்டுக்கொட்டிலில். பின்னால் யாரோ மெல்லுகிற சத்தம் கேட்கும். அது செவலை. சத்தத்தை எடிட்டிங்கில் எடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும். இந்த வீடியோவில் அவளுக்கும் பங்கு உண்டு.

இன்றைக்குப் பேசப்போவது ஜேம்ஸ் ஹெரியட் என்ற எழுத்தாளரைப் பற்றி. மாடு, குதிரை, ஆடு, நாய் என்று எழுதியே உலகம் முழுக்கச் சிரிக்க வைத்தவர். அவருடைய புத்தகங்கள் 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்வார்கள். ஆனால் அவரிடம் கேட்டிருந்தால் தன்னை எழுத்தாளர் என்று சொல்லியிருக்க மாட்டார். மாட்டு டொக்டர் என்றுதான் சொல்லியிருப்பார்.

அவரிடம் போவதற்கு முன்னால் செவலையின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

[காட்சி: கொட்டிலின் தரை. ஒரு பழைய வாளி.]

செவலைக்குத் தலையீத்து. ராத்திரி பத்து மணிக்கு வலி எடுத்தது, பன்னிரண்டாகியும் கன்று வரவில்லை. இரண்டு கால் மட்டும் தெரிகிறது, மூக்கைக் காணோம். மாடு வளர்த்தவர்களுக்கு இது என்னவென்று புரியும். கன்று ஒழுங்காக வருவதென்றால் முன்னங்கால் இரண்டையும் நீட்டி, அதன் மேல் முகத்தை வைத்துக்கொண்டு வரும். ஆற்றில் தலைகீழாகக் குதிக்கிறவன் கையை நீட்டுவானே, அதே மாதிரி. முன்னங்கால் வந்து மூக்கு வராவிட்டால் தலை பின்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்று அர்த்தம். அப்போது காலைப் பிடித்து இழுத்தால் கன்றும் போகும், தாயும் போகும்.

டொக்டர் வந்தார். ஹட்டன் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில், மழையில் நனைந்துகொண்டு. வந்ததும் கேட்டது இரண்டே சாமான்: "சபன், உணு வத்துர." சோப்பு, சுடுதண்ணி. அவருக்குச் சிங்களம், தாத்தாவுக்குத் தமிழ். இரண்டு பேரும் அவரவர் மொழியிலேயே ஒரு மணி நேரம் பேசிக்கொண்டார்கள். ஒரு இடத்தில்கூடக் குழப்பம் வரவில்லை. செவலைக்கும் இரண்டு மொழியும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

சட்டையைக் கழற்றினார். அந்தக் குளிரில் தோள் வரை சோப்பு போட்டுக்கொண்டு ஈரத் தரையில் படுத்துவிட்டார். கை உள்ளே போனது. வலி வரும்போதெல்லாம் மாடு முக்கும், கை எலும்புக்கும் கன்றுக்கும் நடுவில் நசுங்கும், டொக்டர் கண்ணை மூடிக்கொள்வார். வலி விட்டதும் கன்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, வாயைத் தேடிப் பிடித்து, தலையைத் திருப்பப் பார்ப்பார். மறுபடி வலி வரும். திரும்பின தலை மறுபடி நழுவும்.

இதற்கு நடுவில் எங்கள் லயத்துப் பெரியப்பா ஒருவர் சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்று ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார். பழைய டொக்டர் வந்தால் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவாராம்.

கடைசியில் கன்று உயிரோடுதான் வந்தது. கிடேரி.

இது நடந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு கண்டிக்குப் போனபோது ஒரு பழைய புத்தகக் கடையில் ஹெரியட்டின் புத்தகம் கிடைத்தது. முதல் பக்கத்தைத் திருப்பினால் நடுராத்திரி. கல் பாவின தரையில் சட்டையில்லாமல் ஒரு டொக்டர் படுத்திருக்கிறார், கை பசுவுக்குள்ளே. கன்றின் தலை பின்னால் திரும்பியிருக்கிறது. வாசலில் பண்ணைக்காரரின் மாமா நின்று ஆலோசனை சொல்கிறார்! வேறொரு டொக்டர் இருக்கிறாராம். அவர் இப்படிச் சாதாரண சோப்பு போட மாட்டாராம், விசேஷ எண்ணெய்தான் தடவுவாராம்.

கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அங்கேயே நின்று அவ்வளவு சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அந்தக் காட்சி முடிகிற விதத்தையும் சொல்கிறேன். மணிக்கணக்காகப் போராடிக் கன்றை எடுத்தாயிற்று. டொக்டர் குளிரில் விறைத்துப்போய் நிற்கிறார். பண்ணைக்காரர் மெதுவாக, குடிக்க ஏதாவது தரலாமா என்று கேட்கிறார். நம் ஆளுக்கு முகமெல்லாம் மலர்கிறது. விஸ்கி கலந்த சூடான தேநீர் கண்முன்னே வந்துவிடுகிறது. ரொம்ப நன்றி, கட்டாயம் குடிக்கிறேன் என்கிறார். பண்ணைக்காரர் அவரை நேராகப் பார்த்துச் சொல்கிறார்: நான் மாட்டுக்குக் கேட்டேன்.

[காட்சி: செவலையின் முகம், மிக அருகில்.]

சரி, யார் இந்த ஆள்?

உண்மையான பெயர் ஜேம்ஸ் ஆல்பிரட் வைட். 1916இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் பிறந்தவர். கைக்குழந்தையாகவே ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் போய் அங்கேயே வளர்ந்து, கால்நடை வைத்தியக் கல்லூரியில் படித்து, 1939 டிசம்பரில் பட்டம் வாங்கினார். 1940இல் யோர்க்ஷயரில் தேர்ஸ்க் என்ற சின்ன ஊருக்கு வேலைக்கு வந்தார். கிளாஸ்கோ பட்டணத்தில் வளர்ந்த பையன். மலையும் பள்ளத்தாக்கும் கல்வேலியும் அவருக்குப் புதிது. அங்கத்தைய பண்ணைக்காரர்கள் பேசுவதும் அதே இங்கிலீஷ்தான், ஆனாலும் பாதி புரியாது. இரண்டு மொழியில் பேசிக்கொண்ட தாத்தாவும் டொக்டரும் எவ்வளவோ தேவலை.

அந்த ஊரில்தான் ஜோனைக் கல்யாணம் செய்தார். இரண்டு பிள்ளைகள். வருடம் முழுக்க, ராத்திரி பகல் பார்க்காமல் வேலை. வீட்டுக்கு வந்து அன்றைக்கு நடந்ததைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாராம். ஒருநாள் இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்றும் சொல்வாராம். இருபது வருடத்துக்கு மேல் இதைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டார்: ஐம்பது வயதில் யாரும் எழுத ஆரம்பிப்பதில்லை.

ரோசம் வந்துவிட்டது. 1966இல் எழுத உட்கார்ந்தார். தனி அறை, அமைதி, ஜன்னலோரம், அதெல்லாம் ஒன்றும் கிடையாது. குடும்பம் டீவி பார்க்கிற அதே ஹோலில், டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு. முதலில் எழுதினது மாட்டைப் பற்றியும் இல்லை, உதைபந்து விளையாட்டைப் பற்றி. அனுப்பினதெல்லாம் திரும்பி வந்தது. பிறகுதான் தனக்குத் தெரிந்ததை எழுதினார். முதல் புத்தகம் 1970இல் வந்தது, பெரிதாக ஓடவில்லை. 1972இல் ஒரு அமெரிக்கப் பதிப்பகம் முதல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தது. கதை கல்யாணத்தில் முடிய வேண்டும், இன்னும் சில அத்தியாயம் எழுதித் தாருங்கள் என்றும் கேட்டது. நம்மூர் சினிமாக்காரர்களுக்கு ரொம்பக் காலமாகவே தெரிந்த விஷயம். அப்புறம் நிற்கவே இல்லை. சினிமா வந்தது, 1978இல் பிபிசி நாடகம் வந்தது, 2020இல் புதிய நாடகமும் வந்தது.

பெயர் விஷயம் ஒரு தனிக் கொமடி. மிருக வைத்தியர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று அங்கே அப்போது தொழில் விதி இருந்தது. சொந்தப் பெயரில் எழுதினால் விளம்பரம் ஆகிவிடும். என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது டீவியில் பந்து மெட்ச் ஓடிக்கொண்டிருந்தது. பர்மிங்ஹாம் சிட்டி அணியின் கோல்காப்பாளர் நன்றாக விளையாடினார். அவர் பெயர் ஜிம் ஹெரியட். பெயர் கிடைத்துவிட்டது.

[காட்சி: வெறும் மலை. பனி இறங்குகிறது.]

இனி கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டிய இடம்.

இவர் எழுதினது சுயசரிதையா, நாவலா? இரண்டும்தான். தேர்ஸ்க் புத்தகத்தில் டாரோபி ஆகிவிடும். வேலைக்கு வைத்த டொனால்ட் சின்க்ளேயர் சீக்ஃப்ரீட் ஆகிவிடுவார். நிஜத்தில் ஹெரியட் வந்தது 1940இல், ஆனால் கதையை 1930களுக்குத் தள்ளிவிட்டார். பெனிசிலின் பண்ணைகளுக்கு வருவதற்கு முந்தைய காலம். கலப்பையைக் குதிரை இழுத்த காலம். டொக்டரிடம் இருந்தது சோப்பு, கயிறு, சொந்தக் கை, அவ்வளவுதான். சிரிப்பு வருவதற்கும் அந்தக் காலம்தான் தோது. ஊசி ஒன்று போட்டால் சரியாகிவிடும் என்றால் கதை எங்கே இருக்கிறது?

டொனால்ட் சின்க்ளேயருக்குத் தன்னைப் பற்றி எழுதினது பிடிக்கவில்லை. உண்மையில் டொனால்டின் கிறுக்குத்தனத்தைக் குறைத்துத்தான் அப்பா எழுதினார் என்று பிற்பாடு ஹெரியட்டின் மகன் சொன்னார். அந்த மகனும் மிருக வைத்தியர்தான். அப்பா இறந்த பிறகு அவர் எழுதின வரலாற்றில்தான் இன்னொன்றும் வெளியே வந்தது. எழுத ஆரம்பிப்பதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் ஹெரியட் கடுமையான மனச்சோர்வில் விழுந்து, மின் அதிர்ச்சிச் சிகிச்சை வரைக்கும் போயிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு புத்தகத்தைத் திரும்பப் படித்தேன். கொமடி குறையவில்லை. ஆனால் ராத்திரி தனியாக மலைப் பாதையில் கார் ஓட்டிப் போகிற இடங்களில் கொஞ்சம் நேரம் கூடுதலாக நின்றேன்.

எனக்கு அவரிடம் ஆகப் பிடித்தது, கேலி யார் தலையில் விழுகிறது என்பது. படித்த டொக்டர் மலைநாட்டுக்கு வருகிறார். பண்ணைக்காரர்கள் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்கள், பேச்சு ஒரு மாதிரி, கையில் காசு இல்லை. இவர்களை வைத்துச் சிரிக்க நினைத்தால் பக்கம் பக்கமாக எழுதலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. சேற்றில் விழுகிறவர் டொக்டர், தேநீர் கிடைக்காதவர் டொக்டர், குதிரையிடம் உதை வாங்குகிறவரும் டொக்டர். பண்ணைக்காரர் கல் மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கல்முகத்துக்குப் பின்னால், தன் ஒரே பசு பிழைக்குமா என்ற பயம் இருக்கும். அதையும் ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த கொமடிக்குப் போய்விடுவார்.

இது எனக்கு ஏன் உறைத்தது என்றால், நாங்கள் எழுதப்பட்டுப் பழகினவர்கள். தோட்டத்துக்கு வருகிறவர்கள் கொழுந்துக் கூடையைப் படம் எடுப்பார்கள், ஐயோ பாவம் என்று எழுதுவார்கள். அது பொய் என்று சொல்லவில்லை. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை மாதிரி உள்ளேயிருந்தே அந்தத் துயரத்தை எழுதினவர்களும் உண்டு. ஆனால் அதே சி.வி. தேடிச் சேர்த்தது லயத்துப் பாட்டுகளையும்தான். கங்காணியைக் கிண்டலடிக்கிற பாட்டு எங்கள் ஆட்களிடம் எவ்வளவோ இருந்தது. காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் நின்று சிரித்த சிரிப்பு எதுவும் அச்சில் ஏறவில்லை என்று வையுங்கள், எங்களைப் படிக்கிறவனுக்கு நாங்கள் பாதிதான் தெரிவோம். மாட்டுக்கதையும் அப்படித்தான். பால் லொறி போன பிறகு ஓடி வருகிறவர், தேயிலைக்குள் புகுந்த மாட்டுக்காகத் தோட்டத் துரையிடம் ஏச்சு வாங்குகிறவர், மானாப்புல் அறுக்கப் போய் அட்டைக்கடியோடு வருகிறவர், ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள்.

ஹெரியட்டும் கடைசி வரை ஊரை விட்டுப் போகவில்லை. பணம் வந்தது, தேர்ஸ்கில் அவருடைய வைத்தியசாலைக்கு வெளியே வெளிநாட்டு வாசகர்கள் வரிசையில் நின்றார்கள். அவர் தொடர்ந்து மாடு பார்க்கத்தான் போனார். மாட்டுக்கு முடியவில்லை என்று கூப்பிடுகிற பண்ணைக்காரனுக்கு நான் நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷாவாக இருந்தாலும் கவலையில்லை என்று சொல்வாராம். 1995 பெப்ரவரியில், 78 வயதில் இறந்தார். கேர்க்கேட் தெரு 23ஆம் இலக்கத்து அந்த வைத்தியசாலை வீடு இப்போது அவர் பெயரில் ஒரு அருங்காட்சியகம்.

அன்றைக்கு ராத்திரி எங்கள் டொக்டருக்குத் தேநீர் கிடைத்ததா என்று கேட்பீர்கள். அம்மாயி பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவந்தார், சக்கரைக்கட்டியோடு. ஆனால் முதலில் செவலைக்குக் கஞ்சி வைத்துவிட்டுத்தான். பெரியப்பாவும் ஒரு கோப்பை வாங்கிக் குடித்தார். ஆலோசனை சொன்னதற்கு.

[காட்சி: தாத்தா புல்லுக்கட்டோடு வருகிறார். செவலை கயிற்றை இழுக்கிறது.]

இதோ, தாத்தா வந்துவிட்டார். கேமரா ஸ்டாண்டை எடுக்கச் சொல்கிறார், மாடு மிரளுதாம். செவலை என்னவோ புல்லைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. சரி, எடுத்துவிடுகிறேன்.