கிளினிக்குக்கு வராதவர்களைத் தேடி

வணக்கம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்த நேரத்தில் வானொலிக்குப் பக்கத்தில் இருக்கும் எல்லோருக்கும், இரவுக் கடமை முடிந்து வீடு திரும்பும் என் சக தாதிய உத்தியோகத்தர்களுக்கும் வணக்கம்.

தாதியர் செய்யும் ஆராய்ச்சி பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். ஆராய்ச்சி என்றதும் பலருக்கு ஆய்வுகூடமும் நுணுக்குக்காட்டியும்தான் நினைவுக்கு வரும். நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்து வந்திருக்கிறேன். கிளினிக்குக்கு வரவேண்டிய ஒருவர் ஏன் வரவில்லை?

நம் நாட்டு அரச வைத்தியசாலைகளில் வைத்தியம் இலவசம். எத்தனையோ நாடுகளுக்கு இல்லாத கொடை இது. ஆனால் வைத்தியசாலை வாசல்வரை வந்து சேர்வது இலவசம் இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ளே தள்ளியிருக்கும் கிராமம் ஒன்றில் சீனி வருத்தம் உள்ள ஒரு அம்மாவை எடுங்கள். காலைப் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று நிச்சயம் இல்லை. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அந்த இடத்தில் பாதைக்கு, அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கும் மிதவைக்கு, காத்து நின்ற காலம் போய்விட்டது, அது பெரிய ஆறுதல்தான். ஆனாலும் வாவியைத் தோணியிலோ பாதையிலோ கடக்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. மாரி வெள்ளம் ஏறினால் அதுவும் நின்றுவிடும். ஆட்டோ பிடித்தால் ஒரு நாள் கூலி போய்விடும். துணைக்கு வரும் மகளுக்கும் அன்றைக்கு வேலை இல்லை. வெள்ளாமை வெட்டுக் காலம் என்றால் கேட்கவே வேண்டாம்.

சரி, அந்த அம்மா வராவிட்டால் என்ன நடக்கிறது? பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. வந்தவர்களின் எண்ணிக்கை அறிக்கையில் ஏறி மேலே போகிறது. வராதவர் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அடுத்த மாதம் வந்தால், "போன மாதம் எங்கே போனீர்கள்?" என்று ஏச்சு விழும். அந்த ஏச்சுக்குப் பயந்தே வராமல் விடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இதிலே ஒன்றைக் கவனியுங்கள். கர்ப்பிணித் தாய் ஒருவர் கிளினிக்குக்கு வராவிட்டால் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டு வாசலுக்கே வந்து விசாரிப்பார். தாய் சேய் மரணத்தைக் குறைத்ததில் இலங்கை நல்ல பெயர் எடுத்ததற்கு அந்த வாசல் நடையும் ஒரு காரணம். பிரசருக்கு மருந்து எடுக்கிற அப்பா வராவிட்டால் அப்படித் தேடிப் போகும் ஏற்பாடு நம்மிடம் அந்தளவுக்கு இல்லை.

1971 ஆம் ஆண்டு, வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர் கிராமம் ஒன்றில் வேலை செய்த ஜூலியன் ரியூடர் ஹார்ட் என்ற வைத்தியர் லான்செட் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல வைத்தியம், அது அதிகம் தேவைப்படுகிற மக்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். தலைகீழ்ப் பராமரிப்பு விதி என்று அதற்குப் பெயர் வைத்தார். நம் வாவியின் இரண்டு கரைகளையும் பார்த்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

இந்தக் கேள்வியைத் தாதியர் ஏன் கேட்கவேண்டும்? நோயாளி உண்மையைச் சொல்வது பெரும்பாலும் எங்களிடம்தான். வைத்தியருக்கு முன்னால் "ஓம் டொக்டர்" என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து, "மிசி, இந்தக் குளிசையை எப்ப போடுற?" என்று கேட்பார்கள். வீட்டில் பிரிட்ஜ் இல்லை என்பதையும் எங்களிடம்தான் சொல்வார்கள்.

சீனி வருத்தத்துக்கு ஊசியாகப் போடும் இன்சுலினை எடுப்போம். பாவிக்கத் தொடங்கிய மருந்துக் குப்பியைப் பொதுவாக நாலு வாரம்வரை சாதாரண அறை வெப்பத்தில் வைத்துப் பாவிக்கலாம். நம் ஊர் வைகாசி, ஆனி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே எது சாதாரண அறை வெப்பம்? ஈரமண் பானைக்குள் வைத்தால் வெப்பம் குறைகிறது என்று வேறு நாடுகளில் அளந்து காட்டியிருக்கிறார்கள். பானையில் ஊறும் நீர் ஆவியாகிப் போவதால்தான் அது குளிர்கிறது. காற்றிலே ஈரம் கூடினால் ஆவியாவது குறையும். அப்படியானால் காத்தான்குடியிலோ திருக்கோவிலிலோ கடற்கரை ஓரமாக உள்ள வீட்டில் அந்தப் பானை எவ்வளவு உதவும்? கடலை விட்டு உள்ளே தள்ளி, மகா ஓயாப் பக்கம் உள்ள வீட்டில் எவ்வளவு? ஒரு வெப்பமானி, ஒரு பானை, ஒரு கொப்பி இருந்தால் இதை அளந்து பார்த்துவிடலாம். நம் மண்ணில் நாம்தான் செய்யவேண்டிய ஆராய்ச்சி இது.

தாதியர் ஆராய்ச்சியால் ஏதாவது மாறுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் மேரி நெய்லர் என்ற தாதியரும் அவருடைய குழுவும் 65 வயதும் அதற்கு மேலும் உள்ள 363 நோயாளிகளை எடுத்து ஆய்வு செய்தார்கள். வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, ஒரு பகுதியினருக்கு மட்டும் தேர்ந்த தாதியர் முன்கூட்டியே திட்டம் போட்டு, நாலு வாரம் வீடுவரை பின்தொடர்ந்தார்கள். 1999 இல் முடிவு வெளிவந்தது. 24 வாரங்களுக்குள் திரும்ப வாட்டுக்கு வந்தவர்கள் வழக்கமான முறையில் 37 வீதம். தாதியர் பின்தொடர்ந்தவர்களில் 20 வீதம். புது மருந்து எதுவும் இல்லை, வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள், கேட்டார்கள். ஐரோப்பாவின் 9 நாடுகளில் லிண்டா எய்க்கன் குழுவினர் செய்து 2014 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, சத்திரசிகிச்சை நோயாளிகள் வைத்தியசாலையில் சேர்ந்து 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 வீதம் கூடியிருந்தது. இரவில் ஒரே தாதி முழு வாட்டையும் பார்க்கும் கிராமத்து வைத்தியசாலைகளுக்கு ஆளணி கேட்கும்போது, "சுமை கூட" என்று முறையிடுவதைவிட இப்படியொரு எண் கையில் இருப்பது நல்லது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப்படிப்பு இருக்கிறது. அந்த மாணவர்களிடமும் என் சகபாடிகளிடமும் ஒன்று கேட்கிறேன். கிளினிக் வாங்கில் இருப்பவர்களிடம் படிவம் கொடுத்து, அவர்களுடைய அறிவு எவ்வளவு என்று அளக்கும் ஆய்வுகள் போதும். வாங்கில் இருப்பவர் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டவர். பதிவேட்டைத் திறந்து மூன்று மாதமாக வராதவர்களைப் பாருங்கள். எந்தக் கிராமம், என்ன வயது, என்ன தொழில், என்ன மொழி பேசுகிறார் என்று பிரியுங்கள். ஆய்வு ஒழுக்கக் குழுவிடமும் வைத்தியசாலையிடமும் முறைப்படி அனுமதி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். அப்புறம், கேட்டதை வைத்து ஒன்றையாவது மாற்றிப் பாருங்கள். கிளினிக் நாளைப் பஸ் ஓடும் நாளுக்கு மாற்றலாம். இரண்டு மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று வைத்தியரிடம் பேசலாம். சிங்களம் மட்டும் தெரிந்த தாதியும் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளியும் சந்திக்கும் இடத்தில், குளிசை போடும் நேரத்தைச் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்கலாம். ஆறு மாதம் கழித்துத் திரும்ப எண்ணுங்கள். வருகிறவர்கள் தொகை கூடவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

நேயர்களே, அப்படி ஒரு தாதி உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால், முதலில் எதற்காகக் கேட்கிறார் என்று விளக்கச் சொல்லுங்கள். பஸ்ஸுக்குக் காசு இல்லை என்றால் இல்லை என்றே சொல்லுங்கள். நாட்டு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள், ஏசுவதற்காக அவர் வரவில்லை. பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடலாம். அதனால் உங்கள் வைத்தியத்தில் எந்தக் குறையும் வரக்கூடாது, அது உங்கள் உரிமை.

நன்றி, வணக்கம்.