மழை விட்ட பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆற்றங்கரையில் குடியிருப்பவர்கள் ஏமாந்துபோகிற ஒரு வேளை உண்டு. ராத்திரி முழுக்கக் கொட்டிய மழை விடியும்போது விட்டிருக்கும். வானம் வெளுத்திருக்கும். பரணில் ஏற்றிய மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்குவார்கள், நனைந்த பாயைக் கொடியில் போடுவார்கள். ஆறு வேகமாக ஏறுவது பல சமயம் அதற்கப்புறம்தான்.

பாலத்துத் தூணில் வரைந்திருக்கும் அளவுகோலைப் பார்த்து மணிக்கொரு தரம் மட்டம் குறிப்பது பல வருஷம் என் வேலையாக இருந்தது. மழைக்கோட்டைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றபடி, போன தடவையைவிட அரை அடி கூடுதல் என்று எழுதிய நாட்கள் நிறைய. பக்கத்தில் நிற்பவர் கேட்பார்: "மழைதான் விட்டுப்போச்சே, இன்னும் எங்கேயிருந்து வருது?"

மேட்டிலிருந்து வருகிறது. நம் கண்ணுக்கு எட்டாத சரிவுகளில் பெய்தது ஓடையாகி, துணையாறாகி நம்மிடம் வந்து சேர நேரம் பிடிக்கும். சின்ன ஆறென்றால் சில மணி நேரம், பெரிய ஆறென்றால் நாள் கணக்கு. அதோடு, முதல் மழையில் பெரும்பங்கை மண் குடித்துவிடும். மண்ணுக்கு வயிறு நிறைந்த பிறகு பெய்வதுதான் நேரே ஆற்றுக்கு ஓடும். அதனால் "நேத்தும் இதே மழைதானே, ஒண்ணும் ஆகலையே" என்ற கணக்கு உதவாது.

செய்தியில் விநாடிக்கு 50,000 கன அடி என்பார்கள். ஒரு கன அடி 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆக, ஒரு விநாடிக்கு 14 லட்சம் லிட்டர். பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கரையோரத்தில் இருப்பவருக்குத் தெரியவேண்டியது, அது தன் வீட்டில் எத்தனையாவது படிவரை வரும் என்பது. ஜெர்மனியில் பாசாவ் என்று ஓர் ஊர், மூன்று ஆறுகள் கூடுமிடம். பழைய வெள்ளங்கள் எதுவரை ஏறின என்பதை நகர மன்றச் சுவரிலேயே வருஷத்தோடு குறித்து வைத்திருக்கிறார்கள். 2013 ஜூனில் அங்கே மட்டம் 12.89 மீட்டர். 1501-க்குப் பிறகு அவ்வளவு ஏறியதே இல்லை. நாமோ தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாகச் சுவரில் அந்தக் கறை தெரியாமல் வெள்ளையடித்து விடுகிறோம்!

இன்னொன்று. வெள்ளம் வாசல் வழியாக வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். குளியலறைத் துளையில் களக் களக் என்று ஒரு சத்தம் கேட்கும். ஆற்றுமட்டம் உயர்ந்தால் சாக்கடை வடிய வழியில்லாமல் எதிர்த்து வரும். மணல் மூட்டை வாசலில் அடுக்கியிருக்க, பின்பக்கம் கணுக்கால் அளவு நிற்கும். அந்தச் சத்தம் கேட்டால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்பவேண்டியதுதான். தரை ஈரமாகி, தண்ணீர் சுவிட்ச் பலகைக்குப் போய்விட்டால் அதைத் தொடவே கூடாது.

கிளம்பும்போது "முழங்காலளவுதானே" என்று ஓடும் தண்ணீரில் இறங்காதீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அரை அடி ஆழமே வேகமாக ஓடினால் பெரியவரைச் சாய்த்துவிடும். இரண்டடி போதும், பெரும்பாலான கார்களை அடித்துக்கொண்டு போக.

வடிந்த பிறகு சேறு. அதை ஈரம் காயுமுன் வழித்துத் தள்ளிவிடவேண்டும். இறுகிவிட்டால் மண்வெட்டி இறங்காது. கதவு ஊறி நிலையில் சிக்கும். கிணற்றுத் தண்ணீரைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்கிறவரை குடிக்கக் கூடாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தெரியாதது கரையைப் பற்றி. வெள்ளம் நிற்கும்வரை கரை மண்ணை அந்தத் தண்ணீரே ஒரு பக்கம் தாங்கிக்கொண்டிருக்கும். மட்டம் சரசரவென்று இறங்கும்போது தாங்கல் போய்விடும், உள்ளே ஊறிய ஈரமோ அப்படியே இருக்கும். கனம் தாளாமல் கரை சரியும். வெள்ளத்துக்குத் தப்பிய ஒரு வீட்டின் சமையலறை, தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் பட்டப்பகலில் கரையோடு பெயர்ந்து போனதைப் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, அந்த அம்மா முற்றத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அன்று என் குறிப்பேட்டில் மட்டம் அபாயக் குறிக்கு நான்கு அடி கீழே.

வணக்கம்.